மனிதப் பரிணாம உயிரியலை எங்கே, எப்படிப் படிப்பது?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இளநிலை விலங்கியல் இறுதியாண்டு படிக்கிறேன். இரண்டாம் ஆண்டில் எங்களை ஆதிச்சநல்லூருக்கு அழைத்துச் சென்றார்கள். கண்ணாடித் தரைக்குக் கீழே, தோண்டிய நிலையிலேயே விடப்பட்டிருந்த முதுமக்கள் தாழிகளுக்கு மேலே நின்றபோது, மனித உடல் இந்த வடிவத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைத்தான் வாழ்நாள் முழுவதும் படிக்க வேண்டும் என்று தோன்றியது. அந்த எண்ணம் இன்றுவரை மாறவில்லை.

ஆனால் எதைப் படிப்பது என்பதில் குழப்பமாக இருக்கிறது. மனிதப் பரிணாம உயிரியல் என்ற பெயரில் நம் நாட்டில் முதுநிலைப் படிப்பு எதையும் நான் காணவில்லை. ஒருவர் மானிடவியல் படி என்கிறார். இன்னொருவர் மரபியல் படி என்கிறார். தொல்லியல்தான் சரி என்பவரும் உண்டு. முதுநிலை விலங்கியல், பிறகு பி.எட்., பிறகு ஆசிரியர் தேர்வு என்று அப்பா முன்பே ஒரு பாதை வகுத்து வைத்திருக்கிறார். எங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடம் கேட்டபோது, "புதைபடிவமெல்லாம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது, நீ இங்கே உட்கார்ந்து எதைப் படிக்கப் போகிறாய்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் சொன்னது உண்மையா? விவரம் தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

---

எலும்பகராதி

வணக்கம். நான் உடல்சார் மானிடவியலில் முதுநிலை முடித்து, இப்போது எலும்பியல் தொடர்பான ஆய்வில் இருக்கிறேன். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஆதிச்சநல்லூர்த் தாழிகளில் இருப்பவர்கள் இரும்புக்காலத்து மக்கள். உடலமைப்பில் அவர்களும் நாமும் ஒன்றே. அவர்களுடைய பல் தேய்மானம், நோய்த் தழும்பு, உணவு ஆகியவற்றைப் படிப்பது மிகச் சிறந்த துறைதான். ஆனால் நீங்கள் கேட்கும் கேள்வி அதைவிட ஆயிரம் மடங்கு பழைய காலத்தைச் சேர்ந்தது.

நீங்கள் தேடும் பெயரில் துறை வைத்திருப்பது ஹார்வர்டு பல்கலைக்கழகம். அங்கே அது மானிடவியலிலிருந்து பிரிந்து 2009-இல்தான் தனித்துறையானது. நம் நாட்டில் இதே பாடம் 'உடல்சார் மானிடவியல்' அல்லது 'உயிரியல் மானிடவியல்' என்ற பெயரில் மானிடவியல் துறைகளுக்குள்ளேயே இருக்கிறது. டெல்லி, கல்கத்தா, பஞ்சாப், புதுச்சேரி, சென்னை ஆகிய பல்கலைக்கழகங்களில் மானிடவியல் துறைகள் உண்டு. எந்தத் துறையில் உயிரியல் பக்கம் வலுவாக இருக்கிறது, எதில் சமூகப் பக்கம் மேலோங்கியிருக்கிறது என்பதைப் பாடத்திட்டத்தைப் படித்தும், அங்கு பணியாற்றும் ஆசிரியர்களின் ஆய்வுகளைப் பார்த்தும்தான் அறிய முடியும். துறையின் பெயரை மட்டும் நம்பி விண்ணப்பித்துவிட வேண்டாம்.

படிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு காட்சியைச் சொல்கிறேன். முதல் பருவத்தில் எங்கள் ஆசிரியர் ஒரு தொடை எலும்பைக் கையில் கொடுத்து, அதன் முழங்கால் முனையில் உள்ள இரண்டு குமிழ்களும் மேசையில் பதியும்படி நிறுத்திப் பிடிக்கச் சொன்னார். எலும்பு நேராக நிற்காமல் வெளிப்புறமாகச் சாய்ந்தது. நான் பிடிப்பது தவறு என்று நினைத்துத் திரும்பத் திரும்ப நிமிர்த்தினேன். குமிழ் ஒன்று மேசையைவிட்டு எழுந்ததே தவிர எலும்பு நிமிரவில்லை. பிறகு சிம்பன்சியின் தொடை எலும்பு வார்ப்பைக் கொடுத்தார். அது தூண் போல நேராக நின்றது. மனிதத் தொடை எலும்பில் ஏறத்தாழ 10 பாகை அளவுக்குச் சாய்வு இருப்பதால்தான் நம் முழங்கால்கள் இடுப்பைவிட நெருங்கி, உடலின் எடைக்கு நேர் கீழே வருகின்றன. ஒற்றைக் காலில் எடையைத் தாங்கி மறு காலை வீசி நடக்க முடிகிறது. 1973-இல் எத்தியோப்பியாவின் ஹடாரில் டொனால்ட் ஜொஹான்சன் கண்டெடுத்த முழங்கால் மூட்டு ஏறத்தாழ 34 இலட்சம் ஆண்டுகள் பழையது. அதிலும் இந்தச் சாய்வு இருக்கிறது. அந்த முழங்காலுக்குரிய இனத்தின் மூளை சிறியது, ஆனால் அதன் கால் நடந்தது.

அதைவிட என்னை வியக்கவைத்தது இதுதான்: பிறந்த குழந்தைக்கு இந்தச் சாய்வு கிடையாது. தவழ்ந்து, எழுந்து, தளர்நடை பயிலும்போதுதான் அது உருவாகிறது. ஒருபோதும் நடக்காத குழந்தையின் தொடை எலும்பு நேராகவே இருந்துவிடுகிறது. ஆகவே அந்த முழங்காலுக்குரியவர் நடந்தே வளர்ந்தவர் என்று நம்மால் சொல்ல முடிகிறது. இதைப் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கும் எலும்பைக் கையில் நிறுத்திப் பார்த்து உணர்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. எலும்புச் சேகரிப்பும் நல்ல வார்ப்புகளும் உள்ள துறையைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் முதல் அறிவுரை.

---

மரபுச்சரம்

எலும்பகராதி எழுதியதை மதிக்கிறேன். ஆனால் முடிவில் அவரோடு உடன்படவில்லை. இன்று இத்துறையின் பெரும் கேள்விகள் டி.என்.ஏ.வின் துணையோடுதான் தீர்கின்றன. எலும்பை மட்டும் நம்பியவர்கள் எவ்வளவு தூரம் வழிதவறினார்கள் என்பதற்கு நம் நாட்டுக் கதையே சான்று. 1932-இல் எட்வர்ட் லூயிஸ் சிவாலிக் மலைப்பகுதியில் ஒரு மேல்தாடைத் துண்டைக் கண்டெடுத்து அதற்கு ராமாபிதிகஸ் என்று பெயரிட்டார். 1960-களில் அது மனிதனின் நேரடி முன்னோர் என்று பாடநூல்களில் ஏறியது. அதன்படி மனிதக் கிளை ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டதாகச் சொன்னார்கள். 1967-இல் வின்சென்ட் சாரிச், ஆலன் வில்சன் ஆகிய இருவரும் இரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, மனிதனும் ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்கினங்களும் பிரிந்து ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன என்றபோது எலும்பியலாளர்கள் பலர் அதை ஏற்கவே இல்லை. இறுதியில் ராமாபிதிகஸ் ஒராங்குட்டானின் உறவினமான சிவாபிதிகஸோடு சேர்க்கப்பட்டது.

இங்கே படிப்பதற்கு எதுவும் இல்லை என்று உங்கள் பேராசிரியர் சொன்னது தவறு. 1952-இல் லேமன், கட்புஷ் ஆகியோர் நீலகிரிப் பழங்குடி மக்களிடம், இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் போல வளைக்கும் அரிவாள் செல் மரபணு இருப்பதைக் கண்டறிந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் ஆந்தனி அலிசன், கிழக்கு ஆப்பிரிக்காவில் அந்த மரபணுவின் ஒரு படியை மட்டும் பெற்றவர்களுக்கு மலேரியாவிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கிறது என்று காட்டினார். இரண்டு படிகளைப் பெற்றால் கொடிய நோய், ஒன்றைப் பெற்றால் காப்பு. இயற்கைத் தேர்வு மனிதர்களிடம் இயங்குவதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. அந்தச் சான்றின் ஒரு பகுதி நம் மலைகளில் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றத்தைத் தெற்காசியர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேர் சுமக்கிறார்கள் என்பது 2009-இல் வெளிவந்தது. அந்த ஆய்வில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு. இதயத்தைப் பலவீனப்படுத்தும் ஒரு மாற்றம் இவ்வளவு பேரிடம் எப்படி நிலைத்தது? அதன் விளைவு பெரும்பாலும் நடுவயதுக்குப் பிறகே தெரிகிறது. அதற்குள் பிள்ளைகள் பிறந்துவிடுகிறார்கள். தேர்வின் சல்லடையில் அது சிக்குவதில்லை. இந்தக் கேள்விகளைத் தொட வேண்டுமானால் மரபியலும் புள்ளியியலும் கணினியும் வேண்டும். முதுநிலை மரபியல் படித்துவிட்டு ஐதராபாத்தில் உள்ள உயிரணு மூலக்கூறு உயிரியல் மையம் போன்ற ஓரிடத்தில் ஆய்வுக்குச் செல்லுங்கள் என்பதே என் கருத்து.

---

எலும்பகராதி

ராமாபிதிகஸ் கதையின் பிற்பகுதியை மரபுச்சரம் ஒரே வரியில் கடந்துவிட்டார். புரத ஒப்பீடு ஐயத்தை எழுப்பியது உண்மை. ஆனால் அது ஒராங்குட்டான் வழியைச் சேர்ந்தது என்பதைத் தெளிவாக்கியது, பாகிஸ்தானின் பொத்வார் பகுதியில் கிடைத்து, 1982-இல் டேவிட் பில்பீம் விவரித்த சிவாபிதிகஸின் முக எலும்பு. முன்பு ராமாபிதிகஸை மனித முன்னோராக முன்னிறுத்தியவர்களுள் அவரும் ஒருவர்; அவரே தம் கருத்தை மாற்றிக்கொண்டார். சிக்கல் எலும்பில் இல்லை. தாடைத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு முழு உடலையும் அதன் வாழ்க்கையையும் கற்பனை செய்ததில்தான் இருந்தது.

---

பழைய கரும்பலகை

நான் முப்பது ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். அன்பு மகளே, நீ கேட்ட கேள்விக்கு மேலே இருவரும் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நான் வேறொன்றைச் சொல்கிறேன். "குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் ஏன் குரங்குகள் இருக்கின்றன?" என்று கேட்காத வகுப்பை நான் பார்த்ததில்லை. இன்றைய சிம்பன்சி நமக்குப் பாட்டன் இல்லை, பங்காளி. இருவருக்கும் பொதுவான பாட்டன் எப்போதோ இறந்துவிட்டான் என்று சொன்னால் பிள்ளைகள் உடனே புரிந்துகொள்வார்கள். பங்காளி வீடு இன்னும் இருக்கிறதே என்று யாரும் வியப்பதில்லை அல்லவா?

2023-இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கியபோது, நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். அந்தப் பாடத்திட்டத்தில் படித்து, பதினொன்றாம் வகுப்பில் உயிரியலை எடுக்காத பிள்ளை இதைப் பள்ளியில் படிக்கவே வாய்ப்பில்லாமல் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு வலிக்கிறது. நீ முறையாகப் படித்து வந்து, பி.எட்.டும் முடித்து, ஒரு பள்ளியில் நின்று இதைச் சரியாகக் கற்பித்தாலும் அது சிறிய வேலை ஆகாது. உன் அப்பா வகுத்த பாதையை முழுவதுமாக வெறுத்துவிடாதே.

---

பொருநைக்கரை

அனைவருக்கும் மிக்க நன்றி. ஐயா, பங்காளி உவமையை அப்பாவிடமே சொன்னேன். முதல் முறையாக இந்தப் பேச்சில் அவர் சிரித்தார்.

ஆனால் ஒரு ஐயம் என்னை உறுத்துகிறது. மூத்த மாணவர் ஒருவர், "மண்டையையும் மூக்கையும் அளந்து சாதியை உயர்த்தவும் தாழ்த்தவும் வெள்ளைக்காரன் கொண்டுவந்த படிப்பு அது, அதையா படிக்கப் போகிறாய்" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொல்வதில் உண்மை இருக்கிறதா?

---

எலும்பகராதி

உண்மை இருக்கிறது, அதை மறைத்துவிட்டு உங்களை இத்துறைக்கு அழைப்பது நேர்மையாகாது.

மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது மூக்குக் குறியெண். மூக்கு அகல அகலச் சமூகத் தகுதி தாழ்கிறது என்று 1890-களின் தொடக்கத்தில் ஹெர்பர்ட் ரிஸ்லி எழுதினார். பிறகு 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கு அவரே ஆணையரானார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் இருந்த எட்கர் தர்ஸ்டன், அளவுகோலும், இரு முனைகளுக்கு இடைப்பட்ட அகலத்தை அளக்கும் கவைமானியும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று மக்களை அளந்தார். அளக்கப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு மறுத்துச் சொல்லும் துணிவு இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நான் முதன்முதலில் ஆய்வகத்தில் அதே வகைக் கவைமானியைக் கையில் எடுத்தபோது, அதன் குளிர்ந்த முனைகள் வகுப்புத் தோழியின் கன்ன எலும்பில் பட்டு அவள் சற்றே பின்வாங்கினாள். எங்கள் ஆசிரியர் உடனே வகுப்பை நிறுத்திவிட்டு, அன்று முழுவதும் இந்த வரலாற்றைத்தான் பேசினார். நான் படித்த இரண்டு ஆண்டுகளில் அதைவிடப் பயனுள்ள வகுப்பு வேறில்லை.

அந்தக் கொள்கையை வீழ்த்தியதும் இதே துறையின் சான்றுகள்தான். 1972-இல் ரிச்சர்ட் லெவான்டின் கணக்கிட்டுக் காட்டியபடி, மனிதரிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கள்தொகைக்கு உள்ளேயே இருக்கிறது. 'இனங்கள்' என்று அன்று பிரித்த பெரும் பிரிவுகளுக்கு இடையிலான பங்கு மிகச் சிறியது. நீங்கள் இதைப் படிக்கச் சென்றால், மூத்த மாணவரின் கேள்வியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். அந்தக் கேள்வி இல்லாமல் கவைமானியைத் தொடுபவர்களைக் கண்டுதான் நான் அஞ்சுகிறேன்.

---

மரபுச்சரம்

இதில் நான் எலும்பகராதியோடு முழுமையாக உடன்படுகிறேன். எங்கள் துறையும் இதற்கு விலக்கு அன்று. மலைக்கிராமத்துக்குப் போய் இரத்தம் எடுத்து வருபவர் பல நேரம் முடிவைச் சொல்லத் திரும்பிப் போவதில்லை. அரிவாள் செல் சோதனையில் இது வெறும் மரியாதைப் பிரச்சினை மட்டும் அன்று: ஒருவர் அந்த மரபணுவைச் சுமக்கிறார் என்பது அவருடைய திருமணத்தையும் பிள்ளைகளையும் தொடும் செய்தி. அதை அவருக்குப் புரியும் மொழியில் விளக்காமல் கட்டுரை மட்டும் எழுதுவது அறமாகாது.

சாதி பற்றி மரபணுக்கள் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்திய மக்கள் குழுக்கள் ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை பரவலாகக் கலந்தார்கள் என்றும், அதன் பின்னரே அகமணம், அதாவது தம் குழுவுக்குள்ளேயே மணக்கும் வழக்கம், இறுகியது என்றும் 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. தொன்றுதொட்டுக் கலவாத குழு என்று நம்மில் எவரும் உரிமை கொண்டாட முடியாது.

---

கல்லும் காலமும்

தொல்லியல் பக்கத்திலிருந்து ஒரு சொல். புதைபடிவம் ஆப்பிரிக்காவில்தான் என்பது பாதி உண்மை. வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் மண்ணில் எலும்பு எளிதில் நிலைப்பதில்லை. மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரையிலுள்ள ஹத்னோராவில் 1982-இல் அருண் சொனாகியா கண்டெடுத்த மண்டையோட்டுப் பகுதியும், பின்னர் அங்கேயே கிடைத்த, தோளை மார்பெலும்போடு இணைக்கும் காறை எலும்பும் இன்னும் சில துண்டுகளுமே நம்மிடம் உள்ளவை. அந்த மண்டையோடு எந்த இனத்தது என்பதிலேயே ஒத்த கருத்து இல்லை.

ஆனால் கல் அழிவதில்லை. 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியை எடுத்தார். அதே ஆண்டில் திருவள்ளூர்ப் பக்கம் கொற்றலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் கண்டறியப்பட்டது. அங்கே சாந்தி பப்புவும் குழுவினரும் பல ஆண்டுகள் பொறுமையாக அகழ்ந்து, கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழையவை என்று 2011-இல் வெளியிட்டார்கள். மண்ணுக்குள் புதையும்வரை குவார்ட்சுத் துகள்மீது விண்கதிர்கள் படுகின்றன. அதனால் அதில் பெரிலியம், அலுமினியம் ஆகியவற்றின் கதிரியக்க வடிவங்கள் உருவாகின்றன. புதைந்தபின் அவை வெவ்வேறு வேகத்தில் தேய்கின்றன. மீதமுள்ள அளவை ஒப்பிட்டுக் காலத்தைக் கணக்கிட்டார்கள். அதே இடத்தில் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே கருவி செய்யும் முறை மாறத் தொடங்கிவிட்டது என்று 2018-இல் அறிவித்தார்கள். அந்தக் கருவிகளைச் செய்தவர் எந்த மனித இனம் என்பதைச் சொல்ல ஓர் எலும்புகூட அங்கே கிடைக்கவில்லை. இங்கே படிக்க என்ன இருக்கிறது என்று கேட்ட பேராசிரியருக்கு இதைச் சொல்லுங்கள். பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு நாள் ஒதுக்கி நேரில் போய்ப் பாருங்கள்.

---

வடமராட்சி வாசகன்

வணக்கம். இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எலும்பு நிலைக்காது என்பதற்கு எங்கள் நாட்டின் ஈரவலயக் குகைகள் நல்லதொரு விதிவிலக்கு. களுத்துறை மாவட்டத்துப் பாகியன்கலைக் குகையிலும், இரத்தினபுரிப் பக்கத்துப் படதொம்பலெனவிலும் பல்லாயிரம் ஆண்டுகள் பழமையான மனித எச்சங்கள் கிடைத்துள்ளன. பற்களின் எனாமலில் உள்ள கரிம ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட வடிவங்களின்) விகிதத்தை வைத்து, இம்மக்கள் மழைக்காட்டு உணவையே பெரிதும் நம்பி வாழ்ந்தார்கள் என்று 2015-இல் நிறுவினார்கள்; குரங்கும் அணிலும் அவர்களுடைய வேட்டையில் முக்கிய இடம் பெற்றிருந்தன. அடர்ந்த மழைக்காட்டில் ஆதிமனிதர் பிழைக்க முடியாது என்ற பழைய எண்ணம் இதனால் தளர்ந்தது. தங்கை மேற்படிப்புக்கு இத்தகைய தலைப்பைத் தெரிவு செய்தால், தென்னிந்தியாவையும் இலங்கையையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கும்.

---

பொருநைக்கரை

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்றிரவு அப்பாவோடு உட்கார்ந்து இந்த இழை முழுவதையும் வாசித்துக் காட்டினேன். வேலை கிடைக்குமா என்பதே அவர் கவலை. முதுநிலை மானிடவியலுக்கு விண்ணப்பிக்க ஒப்புக்கொண்டார். அதில் இடம் கிடைக்காவிட்டால் மரபியல், அதுவும் இல்லாவிட்டால் விலங்கியல் என்று பேசி முடித்திருக்கிறோம். மரபுச்சரம் அவர்கள் சொன்னபடி புள்ளியியலை இந்தக் கோடையிலேயே தொடங்குகிறேன்.

எலும்பகராதி அக்காவுக்கு ஒரு கேள்வி. எங்கள் கல்லூரியில் மனித எலும்புத் தொகுதி கண்ணாடிப் பேழைக்குள் பூட்டியிருக்கிறது, தொட விடமாட்டார்கள். சேர்க்கைக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் எலும்பைக் கையால் அறிந்துகொள்ள வழி ஏதும் உண்டா?

---

எலும்பகராதி

உண்டு. முதலில் விண்ணப்பம்: மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு இருப்பதால் அதன் தேதியைத் தவறவிடாதீர்கள். அப்பாவிடம், மானிடவியல் படித்தவர்கள் இந்திய மானிடவியல் ஆய்வகத்திலும், தடய அறிவியலிலும், பொதுச் சுகாதார ஆய்வுகளிலும் பணியாற்றுகிறார்கள் என்று சொல்லுங்கள். இடங்கள் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இனி எலும்பு. ஆட்டிறைச்சிக் கடையில் சொல்லிவைத்து, ஒரு பக்கத்து முன்னங்காலையும் பின்னங்காலையும் தோள், தொடையோடு, துண்டு போடாமல் முழுதாக வாங்குங்கள். சதையை நீக்கி, சிறு தீயில் நெடுநேரம் வேகவைத்து, மிஞ்சியதைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுத்து நிழலில் உலர்த்துங்கள். வெளுப்பதற்கு ரசாயனம் எதுவும் போட வேண்டாம். எலும்பின் மேற்பரப்பு அரித்துவிடும். காய்ந்தபின் ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு தடவி, இது முன்னதா பின்னதா, மேல்முனை எது, வலமா இடமா என்று சொல்லிப் பழகுங்கள். பின்னங்காலில் பின்னோக்கி மடங்கும் முழங்கால் என்று நாம் நினைப்பது உண்மையில் கணுக்கால் என்பது அப்போது விரலுக்குத் தெரியும்.

பிறகு தோள்பட்டை எலும்பை எடுத்துக்கொண்டு, அதை மார்பெலும்போடு இணைக்கும் காறை எலும்பைத் தேடுங்கள். எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. ஆட்டுக்கு அது இல்லை. அதன் தோள் தசையால் மட்டுமே உடலோடு கட்டப்பட்டிருக்கிறது. உங்கள் கழுத்துக்குக் கீழே விரலை வைத்து, அந்த எலும்பு தொடங்கும் இடத்திலிருந்து தோள் நுனிவரை தடவிக்கொண்டே கையைப் பக்கவாட்டில் உயர்த்துங்கள். அது விரலுக்கடியில் சுழன்று எழும். ஆடு அப்படிக் கையை விரிக்க முடியாததற்கும், மரக்கிளையைப் பற்றி ஏறிய முன்னோரின் வழியில் வந்த நீங்கள் விரிக்க முடிவதற்கும் காரணம் என்ன என்று ஒரு பக்கம் எழுதி, படத்தோடு இங்கே பதியுங்கள். நானும் மரபுச்சரமும் திருத்தித் தருகிறோம்.